எத்தனை நிமிஷம் தாங்கும்?

“கரண்ட் போனா எத்தனை நிமிஷம் தாங்கணும்?” கடைக்காரர் கேட்டார்.

“அதெல்லாம் தெரியாது” என்றார் ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். “வீட்டு கம்ப்யூட்டருக்கு பேக்கப் வேணும். அதுல இருக்கிறது எதுவும் போயிடக் கூடாது, அவ்வளவுதான்.”

“திடுதிப்புனு கரண்ட் போனாதான் ஃபைல் கெட்டுப்போகும். யூ.பி.எஸ். இருந்தா ஒண்ணும் ஆகாது.” கடைக்காரர் ஒரு அட்டையின் பின்பக்கம் கணக்குப் போட்டார். “எல்லாம் சேர்த்து இருநூறு வாட்ஸ். அறுநூறு வி.ஏ. எடுத்தீங்கன்னா பத்து நிமிஷம் ஓடும். அதுக்குள்ள ஒழுங்கா அணைச்சிடலாம். உங்க பக்கம் கரண்ட் அடிக்கடி போகுமா?”

“போகவே போகாது.”

கடைக்காரர் சிரித்துவிட்டார். “மழையே பெய்யாத இடத்துக்குக் குடையாண்ணே?”

“பேக்கப் இல்லாம கை வைக்க மாட்டேன்னு கம்ப்யூட்டர் மெக்கானிக் சொல்லிட்டான். இருக்கிறதுலயே பெருசாக் குடுங்க.”

ஆயிரம் வி.ஏ. நல்ல கனம். மடியில் வைத்துக்கொண்டே பஸ்ஸில் வந்தார்.

அந்தக் கம்ப்யூட்டர் மகளுடையது. கடைசியாக வந்தபோது கதவைச் சாத்திக்கொண்டு அதன் முன் உட்கார்ந்தாள். புகுந்த வீட்டில் நடப்பதையெல்லாம் பேசிப் பதிவு செய்துவிட்டுப் போனாள். இரண்டு வாரத்தில் உடம்புதான் வந்தது. மாடியிலிருந்து தவறி விழுந்துவிட்டாள் என்றான் மாப்பிள்ளை.

“அவ பேசினது கையில இருந்தா அவன் உள்ள போவான். இல்லேன்னா சிரிச்சுக்கிட்டே வீட்டுக்குப் போவான்” என்று வக்கீல் சொல்லியிருந்தார். திங்கட்கிழமை விசாரணை. கம்ப்யூட்டரோ நாலு நாளாகத் திறந்த கொஞ்ச நேரத்தில் நின்றுபோகிறது.

யூ.பி.எஸ்.ஸை மேசைக்கு அடியில் மாட்டிவிட்டு மெக்கானிக்குக்குப் போன் செய்தார். “தம்பி, பேக்கப் ரெடி.”

“எவ்வளவு சார்?”

“ஆயிரம்.”

“இந்த மிஷினுக்கு அது தாராளம். இதோ வர்றேன்.”

வந்தவன் உட்கார்ந்ததும் மறுபடி கேட்டான். “பேக்கப்பைச் சரிபார்த்துட்டீங்கல்ல சார்? நான் ஆரம்பிச்சிட்டா அப்புறம் முடியாது.”

“கடையிலயே ஓட்டிக் காட்டினாங்க. நீ தைரியமாச் செய்.”

இரண்டு மணி நேரம் ஆனது. டிரைவர் அவன் முதுகுக்குப் பின்னால் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தார். மனைவி வைத்துவிட்டுப் போன டீ ஆறிப்போய் ஆடை கட்டியிருந்தது.

திரை பளிச்சென்று வந்தது.

“நல்லா இருப்பே தம்பி” என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

“முடிஞ்சுது சார். பழசு மொத்தத்தையும் அழிச்சிட்டுப் புதுசாப் போட்டாச்சு. எங்க, அந்தப் பேக்கப்பைக் குடுங்க. உங்க பொண்ணு பேசினதை அதுல இருந்து எடுத்து இதுல ஏத்திடறேன்.”

டிரைவர் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தார். பச்சை விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது.

“கரண்ட் இன்னும் போகலையே தம்பி?”