சக்கரத்தின் சுற்றளவு

ஐந்தாவது கிலோமீட்டர் கல்லருகே நான் சைக்கிளை நிறுத்தியபோது, கைப்பிடியில் இருந்த மீட்டர் 4.2 என்று காட்டியது.

சாலைத்துறையினர் சென்ற வாரம்தான் அக்கற்களை நட்டிருந்தனர். மருத்துவமனைக்கு வேலைக்குச் செல்லும் வழியில், சாலை தொடங்கும் இடத்திலுள்ள பூஜ்ஜியக் கல்லருகே, விளையாட்டாக மீட்டரைப் பூஜ்ஜியத்திற்குக் கொண்டுவந்திருந்தேன்.

முழுதாக எண்ணூறு மீட்டர் குறைந்திருந்தது.

அது கம்பியில்லாத மீட்டர். ஆரக்கம்பியில் கட்டிய காந்தம் ஒரு சுற்று வந்தால் அது ஒன்று என எண்ணிக்கொள்ளும். ஒரு சுற்றின் நீளம் எவ்வளவு என்பதை நாம்தான் அதற்குச் சொல்லித்தர வேண்டும்.

பொத்தானை அழுத்தி அந்த எண்ணைத் தேடினேன். 1760 மில்லிமீட்டர்.

என் சக்கரத்தின் சுற்றளவு 2096. கடைக்காரர் அட்டையில் எழுதித் தந்த அந்த எண் எனக்கு மனப்பாடம்.

சாலையோரமாக நின்றபடியே கணக்கிட்டேன். காட்டுப்பாதையில் நான் ஓட்டியதாக அது காட்டிய பதினேழு கிலோமீட்டர், உண்மையில் இருபதைத் தாண்டியிருந்தது.

எங்கள் சைக்கிள் குழுவின் விதி எளிமையானது. மலைப்பாதைப் போட்டிக்குச் செல்ல விரும்புபவர், தனியாகக் காட்டுக்குள் ஒரு மணி நேரம் ஓட்டி, தம் மீட்டர் காட்டியதைத் தாமே வந்து சொல்ல வேண்டும். இருபது கிலோமீட்டர் கடந்தால் போதும். எவரும் சரிபார்ப்பதில்லை.

மூன்று ஞாயிறுகளிலும் நான் பதினேழு என்றே சொன்னேன். பிறகு, யாரும் கேட்பதற்கு முன்பே, என் பெயரை நானே விலக்கிக்கொண்டேன். அவ்விடம் என் நாத்தனாருக்குச் சென்றது. இறுதிப் பட்டியலை நேற்று அனுப்பிவிட்டார்கள்.

பெயரை விலக்கிக்கொண்ட அன்று என் கணவர் என் கால்களைப் பிடித்துவிட்டபடி, "வயசுன்னு ஒண்ணு இருக்குல்ல, விடும்மா" என்றார். அந்தக் கைகளின் இதத்தில் நான் அழுதேன்.

சென்ற மாதம் பேட்டரி மாற்றியபோது, பதிவுகளெல்லாம் அழிந்துவிட்டன என்று கூறி, டேப்பை எடுத்துவந்து சக்கரத்தை அளந்து எண்ணைப் பதிந்தவரும் அவரே.

அவர் நில அளவையாளர். வேலியோரத்தில் ஒரு விரற்கடை வேறுபட்டாலும் மறுமுறை அளப்பவர். அவருக்கு ஒன்றரைச் சாண் பிழை வருமா?

வரும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். களைத்திருப்பார். வேறு யாருடைய சக்கரத்தின் அளவையோ பதிந்திருப்பார். மனிதர்தானே. மாலையில் இதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்றுகூட எண்ணினேன்.

பின்னால் மணியொலி கேட்டது. என் நாத்தனார். அவளுடைய அலுவலகமும் இச்சாலையில்தான். எனக்குப் பத்து நிமிடம் பின்னால் புறப்படுவாள். அவள் வருவதற்குள் மீட்டரை உள்ளங்கையால் மூடிக்கொண்டேன். ஏன் மூடினேன் என்று எனக்கே விளங்கவில்லை.

"என்ன அண்ணி, கல்லு எழுந்து ஓடிடும்னு காவலா?" என்று சிரித்தவாறே ஒற்றைக் காலை ஊன்றி நின்றாள்.

நான் சிரிக்க முயன்றேன்.

அவள் கல்லைப் பார்த்தாள். அதிலிருந்த ஐந்தைப் பார்த்தாள். பிறகு மீட்டரை மூடியிருந்த என் கையைப் பார்த்தாள். அவள் முகத்திலிருந்த சிரிப்பு சிறிது சிறிதாக வடிந்தது.

"அண்ணன்தான் அண்ணி. போன வருஷம் நீங்க சரிவுல விழுந்து தோளை உடைச்சுக்கிட்டதுல இருந்து அவருக்குத் தூக்கமே இல்ல. நான் வேணாம்னுதான் சொன்னேன்."

நான் இன்னும் எதையும் கேட்டிருக்கவில்லை.