அச்சாகும் வரை

"ஜனங்க அந்தத் தண்ணியத்தான் குடிச்சிட்டிருக்காங்க மேடம்! இவங்களுக்கு ரூல் முக்கியமாப் போச்சா?"

டெரிக் மேஜையில் அறைந்த அறையில் ஃப்ளோரன்ஸ் மேடத்தின் காபி தளும்பியது.

டெரிக் ராயபுரத்துப் பையன். மேடத்திடம் பிஎச்.டி. செய்கிறான். காத்திவாக்கத்தில் ஒரு அடிபம்புத் தண்ணீரில் ஈயம் கலந்திருப்பதைக் கண்டுபிடித்தவன். மார்ச்சிலேயே கட்டுரை எழுதி வெளிநாட்டு ஜர்னலுக்கு அனுப்பிவிட்டான். ஆனால் நிபுணர்கள் சரிபார்த்து அச்சாகும் வரை அதை வேறு எங்கும் வெளியிடக் கூடாதாம். மீறினால் கட்டுரை குப்பைக்கு.

"அவசரப்பட்டு ஒரு நம்பர் தப்பாப் போயிட்டா, அப்புறம் உண்மையச் சொன்னாலும் எவனும் நம்ப மாட்டான். அதுக்குத்தான் அந்த ரூல்" என்றார் மேடம்.

"மூணு தடவை டெஸ்ட் பண்ணியாச்சு மேடம். அவங்க வீட்டுக் குழந்தைங்க குடிச்சா இப்படித்தான் ஆற அமரப் படிச்சிட்டிருப்பாங்களா?"

இதையே கொஞ்சம் மரியாதையாக எழுதி ஜர்னல் ஆசிரியருக்கு அனுப்பினான். பதில் இல்லை. மறுபடி எழுதினான். ஒரு கருத்தரங்கில் மைக்கைப் பிடுங்கிக் கத்தினான். நாலு கல்லூரிகளில் கையெழுத்து வாங்கினான்.

நவம்பரில் ஜர்னல் இறங்கி வந்தது. அச்சுக்கு முன்பே கட்டுரையை இணையத்தில் போட்டது.

டிபார்ட்மென்டே கைதட்டியது. ஃப்ளோரன்ஸ் மேடமே கேக் வாங்கி வந்தார். ஒரு நாளிதழிலிருந்து பம்பின் போட்டோ கேட்டார்கள். டெரிக் பைக்கை எடுத்துக்கொண்டு பறந்தான்.

பம்படியில் பூவம்மா. அன்றைக்கு அவன் சாம்பிள் எடுத்தபோது, இடுப்பில் குழந்தையோடு பம்பு அடித்துக் கொடுத்தவள்.

"வா நைனா! பாட்டில்ல தண்ணி புட்ச்சிகினு போனவன், ஆளையே காணோம். டெஸ்ட்டு இன்னா ஆச்சி?"

"ஜெயிச்சிட்டோம்க்கா! உலகமே படிக்குது."

"அது கெடக்கட்டும். தண்ணில இன்னா கீது?"

"ஈயம்க்கா. புள்ளைங்க மூளையே கெட்டுடும். இனிமே இதக் குடிக்காதீங்க."

பம்பு அடித்துக்கொண்டிருந்த கை நின்றது.

"உனுக்கு எப்போ தெரியும்?"

"மார்ச்சுலயே... அந்த ஜர்னல் ரூல்தான்க்கா. அச்சாகுற வரைக்கும் வெளிய போடக் கூடாதுன்னு..."

பூவம்மா பாதி நிரம்பிய குடத்தை அவன் காலடியில் கவிழ்த்தாள்.

"வெளிய போடக் கூடாது, சரி. வந்து என் காதுல சொல்லக் கூடாதுன்னுமா நைனா அதுல எழுதிகீது?"