சனிக்கிழமை விண்கப்பல்

“மிஸ், முதல்ல இவவை ஒண்டைச் சொல்லச் சொல்லுங்கோ. அது சின்னப்பிள்ளையள் பாக்கிறதோ, பெரியாக்கள் பாக்கிறதோ?” கஜேந்திரன் கேட்டான்.

கொட்டாஞ்சேனையில் ஒரு தேவாலயத்துக்குப் பின்னால் இருந்த சிறிய அறை. மேசைக்கு இந்தப் பக்கம் கஜேந்திரன். அந்தப் பக்கம், அவனை விட்டுப் பிரிந்து ஒன்பது மாதமான மனைவி ரதி. நடுவில் குடும்ப ஆலோசகர் மாக்ரெட். மின்விசிறி சுற்றியது, காற்று ஒருவருக்கும் வரவில்லை.

எட்டு வயது மகள் லக்சிகா, சனிக்கிழமை பின்னேரம் மட்டும் வெள்ளவத்தையில் அப்பாவோடு இருப்பாள். ஆறு மணிக்கு இருவருமாக டிவியில் அந்த விண்வெளித் தொடரைப் பார்ப்பார்கள். இருபத்திரண்டு வருடமாக ஓடும் தொடர். அது பிள்ளைக்கு ஏற்றதல்ல, ஆகவே சனிக்கிழமையை நிறுத்திவிட்டு ஞாயிறு காலையில் இரண்டு மணித்தியாலம் கொடுத்தால் போதும் என்றாள் ரதி. ஞாயிறு காலையில் கஜேந்திரனுக்கு வேலை. ஞாயிறு என்றால் மகள் இல்லை என்றுதான் அர்த்தம்.

“கலியாணம் கட்டின புதுசில இவ என்ன சொன்னவ? ‘இது குழந்தையள் பாக்கிற கூத்து, உங்களுக்கு வெக்கமில்லையோ’ எண்டவ. இப்ப குழந்தை பாத்தா, அது பெரியாக்களுக்குரியதாம்.”

“பச்சைப் பெயின்ற் பூசின ஆக்களைப் பாத்து நாப்பத்தொரு வயசில கைதட்டினா வேற என்ன சொல்லுறது?” என்றாள் ரதி.

“உம்மட வீட்டில ஏழரைக்கு ஓடுற நாடகத்தில மாமி மருமகளுக்குப் பாலில நஞ்சு கலக்கிறா. அது பிள்ளைக்குச் சத்துணவோ? விண்கப்பலைப் பாத்துத்தான் பிள்ளை நட்சத்திரம் எவ்வளவு தூரமெண்டு கேக்கிறாள்.”

“விண்கப்பலெண்டு சோத்துக் கோப்பையைப் பறக்க விடுறாள். அதையும் சொல்லுங்கோ.”

மாக்ரெட் பேனையால் மேசையில் தட்டினார். “ஒராள் கதைக்கேக்க மற்றாள் கேளுங்கோ. ரதி, என்ன நடந்தது, எண்டைக்கு நடந்தது? திகதி இல்லாத முறைப்பாட்டை நான் எழுதுறதில்லை.”

அது அவருடைய வழக்கம். ‘எப்பவும்’, ‘ஒருநாளும்’ என்ற சொற்களால்தான் பாதி வீடுகள் உடைகின்றன என்பது அவர் இருபது வருடத்தில் கண்டது. போன தடவை ரதி கொண்டுவந்த ஆறு முறைப்பாடுகளில் நான்கு, திகதி இல்லாமல் விழுந்துபோயின.

இந்த முறை ரதி யோசிக்கவேயில்லை. “போன சனிக்கிழமை, மிஸ். பதினாலாம் திகதி ஓடின பாகம்.”

“நீங்களும் பாத்தீங்களோ?”

“நானோ? அந்தக் கண்றாவியை நான் ஒருநாளும் இருந்து பாத்ததில்லை. பிள்ளை வந்து சொன்னது.”

கஜேந்திரன் வாயைத் திறந்தான். மாக்ரெட் கையைக் காட்டினார். மூடிக்கொண்டான்.

“கப்டன் தன்ர மனுசியோட சண்டை பிடிச்சுப்போட்டுத்தான் கப்பலேறினவன். கனதூரம் போனாப் பிறகு, மன்னிச்சுக்கொள் எண்டு ஒரு செய்தி அனுப்புறான். அது பூமிக்கு வந்து சேர பதினொரு வருசம். அவளுக்குத் தலை நரைச்சுப்போச்சு. குசினியில நிண்டு கேக்கிறாள். அடுப்பை நிப்பாட்டிப்போட்டு, திரும்பவும் முதல்ல இருந்து கேக்கிறாள்.” ரதி கைப்பையை மடியில் இழுத்து வைத்தாள். “இது எட்டு வயசுப் பிள்ளைக்குக் காட்டுற காட்சியோ, மிஸ்?”

“பிள்ளை அழுததோ?”

“ஆரெண்டாலும் அழும்.”

மாக்ரெட் எழுதி முடித்துக் கஜேந்திரன் பக்கம் திரும்பினார். “திகதி இருக்கு, விபரம் இருக்கு. எனக்கும் இது பெரியாக்களின்ர விசயமாத்தான் படுது. ஞாயிற்றுக்கிழமைக்கு மாத்துறதைப் பற்றி உங்களுக்கு ஏதும் சொல்ல இருக்கோ?”

அவன் சனிக்கிழமைக்காகச் சண்டை பிடிக்கத்தான் வந்திருந்தான். நான்கு நாளாகப் பஸ்ஸில் மனதுக்குள் வாதாடிப் பழகியிருந்தான். அதையெல்லாம் விட்டான். ரதியின் முகத்தையே பார்த்தான்.

“அந்த மனுசி பதில் அனுப்பினவளோ?” என்று கேட்டான்.

மாக்ரெட்டின் பேனை நின்றது. “அதை ஏன் ரதியிட்டக் கேக்கிறீங்கள்? நீங்கள்தானே பிள்ளையோட இருந்து பாத்தனீங்கள்?”

“இல்லை, மிஸ். பதினாலாம் திகதி எங்கட தொடர்மாடியில மூண்டு மணிக்குப் போன கரண்ட், பிள்ளையைக் கொண்டுபோய் விடுமட்டும் வரேல்ல. நானும் அவளும் பல்கனியில இருந்து காட்ஸ் விளையாடினம். அந்தப் பாகத்தை நாங்கள் ரெண்டு பேரும் பாக்கவேயில்லை.”



“அனுப்பினவள்,” என்றாள் ரதி.