துணிக்குக் காவல்

படித்துறையில் ஒருவர் "துணியைக் கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு ஆற்றில் இறங்கினால், அவர் ஏறி வரும்வரை நாம் நகரக் கூடாது. தனியாக வாழும் வேதமூர்த்திக்கு அந்த வழக்கம் போதுமானதாக இருந்தது. அவருடைய சாயம்போன வேட்டியை யாரும் தொடப்போவதில்லை. ஆனாலும் தினமும் ஒரு வெளியூர்க்காரரிடம் அதை ஒப்படைத்துவிட்டே இறங்குவார். முங்கி எழும்போதெல்லாம் கரையிலிருந்து ஒருவர் அவரைப் பார்த்துக்கொண்டிருப்பார்.

இன்று அகப்பட்டவர் தகப்பனாருக்குத் திதி கொடுக்க வந்தவர். "சீக்கிரம் வாங்க, பஸ்ஸுக்கு நேரமாச்சு" என்றார்.

"இதோ, ஒரே முங்கு."

கரையேறினால் இவரும் போய்விடுவார். வேதமூர்த்தி மூச்சைப் பிடித்து, அடிப்படியிலிருந்த இரும்பு வளையத்தைப் பற்றிக்கொண்டு தண்ணீருக்குள்ளேயே இருந்தார்.

சட்டையோடு குதித்த அந்த மனிதர் அவரை அக்குளில் கைகொடுத்து இழுத்துவந்து படியில் கிடத்தினார். காவல் போன வேட்டியைக் காற்று ஆற்றில் தள்ளியிருந்தது.

"என்ன காரியம் பண்றீங்க? காணோம்னா தேட ஆளில்லையா உங்களுக்கு?"

வேதமூர்த்தி இருமி ஓய்ந்தார். அந்த மனிதரின் கையைப் பிடித்தவர் விடவில்லை.

"நீங்க தேடுனீங்களே" என்றார்.