நான்கு பென்குயின்கள்

சிவப்பு விளக்கு எரிந்தது. பச்சை விளக்கு கண் சிமிட்டியது.

திரையின் மேல் ஓரத்தில் நான்கு பென்குயின்கள் வரிசை கட்டி வந்து நின்றன. அவற்றின் காலடியில் எழுத்துகள் மளமளவென்று கொட்டின.

குடோன் முதலாளி, பின்னால் கட்டிய கையைப் பிரிக்காமல், ஓர் எட்டு முன்னால் வந்தார்.

திரையின் மூலையில் சின்னதாக ஒரு மஞ்சள் மின்னல் குறி தோன்றியது. அவ்வளவுதான், எல்லாம் இருண்டது. மறுபடி சிவப்பு. மறுபடி பச்சை. மறுபடி அதே நான்கு பென்குயின்கள், ஒன்றும் நடக்காதது போல.

"எந்திரிக்குதுங்க, திரும்பப் படுத்துக்குதுங்க. நம்ம லோடுமேனுங்க மாதிரியே இருக்கே, மாப்ளே," என்றார், மேசைமுன் உட்கார்ந்திருந்த மருமகனிடம்.

லோடுமேன்களில் மூன்று பேர் மாவு மூட்டைகளின் பக்கம் திரும்பிச் சிரிப்பை விழுங்கினார்கள். நான்காமவனான ஒன்றரைக்குச் சிரிப்பு வரவில்லை.

மற்றவர்கள் இரண்டு நடை போவதற்குள் மூன்று நடை போய்விடுவான் என்பதால் அவனுக்கு அந்தப் பெயர்.

மேசைமேல் கிடந்தது உள்ளங்கை அகலப் பலகை ஒன்று. அதுதான் கம்ப்யூட்டராம். மெமரி கார்டில் லினக்ஸ் என்ற, பென்குயின் அடையாளம் போட்ட மென்பொருளை ஏற்றிச் செருகினால் விழித்துக்கொள்ளுமாம். விழித்துவிட்டால், அதோடு மாட்டிய கேமரா மூன்றாவது அடுக்கின் இடுக்கை இமைக்காமல் பார்த்துக்கொண்டே இருக்கும்.

அந்த இடுக்கில்தான் காலை லாரிக்கும் மதிய லாரிக்கும் நடுவே நால்வரும் கால் மணி நேரம் முதுகை நீட்டுவார்கள். அது இல்லையென்றால் மதியத்து இருநூறு மூட்டை முதுகில் உட்காராது.

போன வாரம் முதலாளி அந்தப் பக்கம் வந்தபோது இடுக்கிலிருந்து எட்டுக் கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன. அவர் நேரே போய் மாப்பிள்ளையிடம் கேமரா மாட்டச் சொல்லிவிட்டார்.

மாப்பிள்ளை கம்ப்யூட்டர் படித்தவர். மாமனார் வீட்டோடு இருப்பவர். அவர் பல் தேய்க்கும்போதே மாமனாருக்கு ஏதாவது ஒரு வேலை ஞாபகத்துக்கு வந்துவிடும். சோற்றில் கை வைத்தால் இன்னொன்று.

முதல் நாள் பெட்டியைப் பிரிக்கும்போது அவர், பக்கத்தில் நின்ற ஒன்றரைக்குக் கேட்க, தனக்குத்தானே சொல்லிக்கொண்டார்: "இதோட வந்த சார்ஜரைத்தான் போடணும். வேற போட்டா பவர் பத்தாது, பாதியில விழுந்துரும்."

சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

ஒன்றரை நாற்பது வயதில் எழுத்துக் கூட்டியவன். அதனால் எதையும் விட்டுவைக்க மாட்டான். மூட்டையின் முதுகு, மருந்துச் சீட்டு, சார்ஜரின் அடிவயிறு எல்லாவற்றையும் வாசித்துவிடுவான். பலகையோடு வந்த வெள்ளைச் சார்ஜரில் மூன்று ஆம்பியர் என்று போட்டிருந்தது. அவன் போனுடைய வெள்ளைச் சார்ஜரில் ஒன்று.

மூன்று ஆள் சுமையை ஓர் ஆள் தலையில் ஏற்றினால் என்ன ஆகும் என்று அவனுக்கு யாரும் படித்துக் காட்ட வேண்டியதில்லை.

மாப்பிள்ளை திரும்பி வந்தபோது ஒன்று போட்ட சார்ஜர் மேசையில் இருந்தது. மூன்று போட்டது ஒன்றரையின் சட்டைக்குள் இருந்தது.

மூன்று நாளாக மனிதர் கார்டை அழித்து அழித்து எழுதினார். வேறு லினக்ஸை இறக்கினார். திரைக்குப் போகும் வயரை மாற்றினார். நேற்று ஷூ காலோடு அந்த இடுக்குக்கே போய் நின்று, மூட்டைகளைக் கையால் அமுக்கிப் பார்த்து, "அண்ணே, இங்க காத்து வருமா?" என்று கேட்டார்.

கேமரா சூடாகாமல் இருக்கக் கேட்கிறார் என்று ஒன்றரை நினைத்துக்கொண்டான்.

இன்று அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மாமனார் முன்னால் பென்குயின்கள் ஐந்தாவது தடவையாக வந்து நின்று, ஐந்தாவது தடவையாகப் போய்ச் சேர்ந்தன. ஒன்றரையின் கை சட்டைக்குள் போனது. எடுத்துக் கொடுத்துத் தொலைத்துவிடலாமா என்றுகூடத் தோன்றிவிட்டது.

"போர்டே கோளாறு, மாமா. வேற வரவழைக்க ரெண்டு மாசம் ஆகும்," என்றார் மாப்பிள்ளை.

"தீப்பெட்டி மாதிரி இருக்கும்போதே நினைச்சேன். நீ படிச்ச படிப்பும் அவ்வளவுதான்." முதலாளி செருப்பைத் தேய்த்துக்கொண்டு வெளியே போனார். கார் கிளம்பும் சத்தம் கேட்டது.

மாப்பிள்ளை தலையைத் தொங்கப்போட்டபடி சார்ஜரைப் பிடுங்கினார். வயரை நிதானமாகச் சுற்றினார். சுற்றி முடித்து, ஒன்றரையின் உள்ளங்கையில் வைத்தார்.

"உங்க சார்ஜரைப் பத்திரமா வச்சிருங்கண்ணே. புது போர்டு வந்தாலும் இதுதான் வேணும்."

ஒன்றரை அதைப் புரட்டிப் பார்த்தான். "சார்... எப்பலேர்ந்து தெரியும்...?"

"அந்த மஞ்சள் மின்னல் வந்தா பவர் பத்தலன்னு அர்த்தம். மொத நாளே வந்துருச்சு." கொட்டாவி விட்டுக்கொண்டே சொன்னார் மாப்பிள்ளை.

மதிய லாரி வர இன்னும் இருபது நிமிடம் இருந்தது.

இந்த முறை ஒன்றரை ஜாக்கிரதையாக இருந்தான். எல்லாரும் படுத்தபிறகு, இடுக்குக்கு வெளியே கிடந்தவற்றை ஒவ்வொன்றாக உள்ளே இழுத்துப் போட்டான்.

நான்கு ஜோடி செருப்பு. ஒரு ஜோடி ஷூ.