நிகர்நிலை

புதுக் கட்டில். மெத்தையின் பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் உரிக்கவில்லை. அவள் படுத்ததும் சரசரத்தது.

கால்மாட்டில் ஓர் அட்டையை மாட்டினார்கள். ராஜகுமாரி, வயது 42, டைபாய்டு.

அது அவள் பெயரும் இல்லை, அவள் நோயும் இல்லை.

ஒரு நர்ஸ் வந்து குளுக்கோஸ் குழாயை அவள் கையில் வைத்துப் பிளாஸ்திரி போட்டு ஒட்டினாள். ஊசி கிடையாது. வெறும் ஒட்டுதான்.

வேனில் நாற்பது பேரைக் கூட்டிவந்த முனியசாமி கட்டில் கட்டிலாக வந்து சொன்னான்.

"யாரு கேட்டாலும் காச்சல்னா காச்சல், முறிவுன்னா முறிவுன்னு சொல்லுங்க. மத்தத நர்சம்மா பாத்துக்கிடும். சிரிச்சுத் தொலைச்சிராதீக."

பக்கத்துக் கட்டில் குருவம்மாவுக்கு இடுப்பெலும்பு முறிவு. காலையில் எல்லோரையும் இடித்துத் தள்ளிவிட்டு வேனில் முதலில் ஏறியவள் அவள்தான்.

பஞ்சு குடோனில் கலைக் கல்லூரியாக ஆரம்பித்த இடம் இது. பிறகு பொறியியல் வந்தது, பல் மருத்துவம் வந்தது, இப்போது இந்த மருத்துவக் கல்லூரி. இன்றைய ஆய்வு தேறிவிட்டால் நிகர்நிலைப் பல்கலைக்கழகம். நகரத்துக்கே பெருமை என்று சுவரெல்லாம் போஸ்டர் ஒட்டியாகிவிட்டது. ஆய்வுக்காக டாக்டர்களை ஏசி பஸ்ஸில் கொண்டுவந்து இறக்கினார்கள். நோயாளிகளை வேனில்.

பாவம், டைபாய்டு கட்டிலில் கிடந்தவள் மற்றவர்களைப்போலக் கூலிக்கும் பிரியாணிக்கும் வந்தவள் இல்லை.

இடது மார்பில் ஒரு கட்டி. நாலு மாதமாக இருக்கிறது. புருஷனிடம்கூடச் சொல்லவில்லை. ஊர் சுகாதார நிலையத்தில் இருப்பவர் சின்ன வயது ஆண் டாக்டர். இரண்டு முறை போய், தலைவலி என்று சொல்லி மாத்திரை வாங்கி வந்துவிட்டாள்.

ஆய்வுக்கு வருகிறவர்களில் ஒரு பொம்பளை டாக்டரும் உண்டு என்று முனியசாமி சொன்னான். உடனே பெயர் கொடுத்துவிட்டாள்.

பதினொரு மணிக்குக் குழு வந்தது. மூன்று பேர். பின்னால் கல்லூரி முதல்வர், அவருக்குப் பின்னால் ஒரு கூட்டம்.

பெண் டாக்டர் அட்டையைப் படித்தார்.

"காய்ச்சல் எத்தனை நாளா?"

வாசலில் முனியசாமி முறைத்துக்கொண்டு நின்றான். அவள் டாக்டர் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"காச்சல் இல்லம்மா. மார்ல கட்டி."

முதல்வரின் முகம் செத்துவிட்டது.

டாக்டர் எல்லோரையும் விலகச் சொல்லித் திரையை இழுத்தார். தொட்டுப் பார்த்தார். அக்குளிலும் அமுக்கிப் பார்த்தார். அங்கே விரல்கள் நின்றன.

குழாய் ஒட்டியிருந்த கையைத் தூக்கி, ஊசி இல்லாததையும் பார்த்தார்.

அவளுக்கோ நாலு மாதத்தில் முதல் தடவையாக நெஞ்சு லேசானது. சொல்லியாயிற்று. இவ்வளவு பெரிய ஆஸ்பத்திரி, இவ்வளவு டாக்டர்கள். இனி இவர்கள் பார்த்துக்கொள்வார்கள்.

டாக்டர் அவள் காதருகே குனிந்தார்.

"இன்னிக்கே கிளம்பும்மா. ஏதாவது நல்ல ஆஸ்பத்திரியா பாத்துப் போ."

பிறகு திரையை விலக்கினார். கையிலிருந்த தாளில் அவள் கட்டிலுக்கு நேரே ஒரு டிக் போட்டார்.

அடுத்த கட்டிலுக்குப் போனார்.