இரண்டு முகத்துக்கு ஒரு போன்

நிஸ்மியா அதைக் கையில் எடுக்கத்தான் செய்தாள். போன் தானாகத் திறந்துகொண்டது.

சத்தியமாக வேறொன்றும் செய்யவில்லை. எவ்வளவு பாரம் என்று பார்க்கத்தான் மேசையிலிருந்து தூக்கினாள். பாரமே இல்லை. அதுவே அவளுக்கு எரிச்சலாக இருந்தது. கண்ணாடி அவள் முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்த்தது. பிறகு, வா என்பதுபோல் பூட்டு விலகியது.

போன் அவளுடையது அல்ல, ராத்தாவுடையது. ராத்தா றுக்ஷானா குளித்துக்கொண்டிருந்தாள். தண்ணீர் விழும் சத்தம் கேட்டது.

அக்காவும் தங்கையும் ஒரே அச்சு. மூத்தவளிடம் வாங்கிய சீனியை இளையவளிடம் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போன அயலவர்கள் உண்டு. ஆனால் இவ்வளவு விலைகூடிய சாமானும் அந்த அயலவர்களைப் போலவே ஏமாறும் என்று நிஸ்மியா எதிர்பார்க்கவில்லை.

பெருநாளைக்கு வந்த போன். கட்டாரிலிருந்து ராத்தாவின் புருஷன் மர்சூக் மச்சான், லீவில் வந்த ஒருவர் கையில் கொடுத்துவிட்டிருந்தார். அன்றிலிருந்து நிஸ்மியாவுக்கு வயிறு எரிகிறது. அதை அவள் மறைக்கவும் இல்லை. புருஷன் பாஹிமிடமே சொல்லியிருக்கிறாள். அவன் சிரித்தான். அதற்கும் சேர்த்து எரிந்தது.

வாப்பா தன் வளவை நடுவால் பிரித்து, பெண்கள் இருவருக்கும் சீதனமாக ஆளுக்கொரு வீடு கட்டிக் கொடுத்தார். அறை, குசினி, கிணற்றடி என்று எல்லாவற்றையும் சரிசமமாகத்தான் கொடுத்தார். மாப்பிள்ளைகளைச் சரிசமமாகக் கொடுக்க மட்டும் அவரால் முடியவில்லை. ராத்தாவின் மாப்பிள்ளைக்குக் கட்டார். இவளுடைய மாப்பிள்ளைக்குக் காத்தான்குடிப் புடவைக் கடையில் துணி வெட்டுகிற வேலை.

போனைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், ராத்தாவின் அலுப்பைத்தான் பொறுக்க முடியாது. பெட்டிக்குள் சார்ஜர் வைக்கவில்லையாம். பழைய ஹெட்செட்டைக் குத்த ஓட்டை இல்லையாம். ‘ராத்தா’ என்று எழுதப் போனால் அது தன் பாட்டுக்கு ‘ராத்திரி’ என்று போடுகிறதாம். நிகாப் போட்டுக்கொண்டு சந்தைக்குப் போனால், முகத்தைக் காட்டினால்தான் திறப்பேன் என்று நடு ரோட்டில் அடம்பிடிக்கிறதாம்.

“பெரிய கரச்சல் புள்ள இதோட!”

இப்படி ஒரு கரைச்சல் தனக்கு வாய்க்கவில்லையே என்று நிஸ்மியா ஏங்கினாள். அவளுடைய போன் கண்ணாடி வெடித்து, ரப்பர் பட்டி போட்டு இறுக்கியது. அதில் யாராவது பேசினால் வாவிக்கு அக்கரையில் இருப்பவர்களுக்கும் கேட்கும்.

தண்ணீர் இன்னும் விழுந்துகொண்டிருந்தது.

படங்களைத் திறந்தாள். மச்சான் அனுப்பிய வானம் தொடும் கட்டடங்கள், தங்கக் கடைகள், ராத்தாவுக்கென்று பார்த்து வைத்திருக்கும் காப்பு எல்லாம் அதில் இருக்கும். ஒரு தரம் பார்த்து, ஆசை தீர எரிந்துவிட்டு வைத்துவிடலாம் என்று நினைத்தாள்.

முதல் படத்தில் ஒரு மனிதன் முதுகைக் காட்டிக் குந்தியிருந்தான். தூரத்தில் இருப்பதைப் பக்கத்தில் இழுத்து எடுத்த படம். அவன் ஒரு சின்னப் பிள்ளைக்குத் தலை வாரிக்கொண்டிருந்தான்.

அது பாஹிமின் முதுகு. பிள்ளை அவளுடைய மகள்.

அடுத்த படத்தில் பாஹிம் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு கோப்பை கழுவினான். அதற்கடுத்ததில் நிஸ்மியா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வாய் கிழியக் கத்தினாள்; எதிரே அவன் சிரித்துக்கொண்டு நின்றான். தேங்காய் வாங்க மறந்துவிட்டு வந்த நாள் அது. பிறகு, இருவரும் குசினி வாசற்படியில் உட்கார்ந்து தேத்தண்ணீர் குடிக்கும் படம். அப்படியே இன்னொன்று. இன்னும் ஒன்று.

மர்சூக் மச்சான் ஒரே ஒரு பழைய படத்தில்தான் இருந்தார். விமான நிலையத்துக் கண்ணாடிக்கு அப்பால் நின்று கை காட்டினார்.

முதலில் நிஸ்மியாவுக்குக் கோபம்தான் வந்தது. என் மாப்பிள்ளையை இவள் எதற்குப் படம் பிடிக்கிறாள்? தள்ளித் தள்ளிப் பார்த்தாள். பாஹிம் தனியாக இருக்கும் படம் மிகக் குறைவு. பெரும்பாலும் மகள் இருந்தாள், அல்லது நிஸ்மியாவே இருந்தாள். கோபத்தைப் போய் எதில் முட்டுவது என்று அவளுக்குத் தெரியவில்லை.

ஜன்னலடிக்குப் போனாள். அங்கிருந்துதான் எடுத்திருக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமைக் காலை, கடைக்கு லீவு. இடுப்பளவு மதிலுக்கு அந்தப் பக்கம், தங்கள் வீட்டுக் கிணற்றடியில் பாஹிம் மீன் கழுவிக்கொண்டிருந்தான். மகள் அவன் முதுகில் தொங்கிக்கொண்டு ஏதோ கதை சொன்னாள். அவன் கழுவுவதை நிறுத்தி நிறுத்திக் கேட்டான். நாளும் பொழுதும் பார்க்கிற காட்சிதான். ஆனால் இங்கிருந்து பார்க்க, யாரோ கொடுத்துவைத்த ஒருத்தியின் வீடுபோல் இருந்தது. அந்த வீட்டுக்காரி மேல் நிஸ்மியாவுக்குப் பொறாமை வந்தது.

தண்ணீர்ச் சத்தம் நின்றது.

ஓடிவந்து போனை இருந்த இடத்தில் கவிழ்த்து வைத்தாள். தலையில் துவாயைச் சுற்றிக்கொண்டு வந்த றுக்ஷானா, போனை எடுத்து ஈர முகத்துக்கு நேரே பிடித்தாள். திறக்கவில்லை. துடைத்துவிட்டு மறுபடியும் பிடித்தாள். அப்போதும் திறக்கவில்லை.

“பாத்தியா புள்ள? இதுக்கு என்னையே தெரியல்ல.”

“எனக்கும் திறக்கல்ல ராத்தா” என்றாள் நிஸ்மியா.

நீ திறந்து பார்த்தாயா என்று யாரும் அவளிடம் கேட்கவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் அவளுக்கே அது உறைத்தது.

றுக்ஷானா போனை மெல்லக் கீழே இறக்கினாள். தங்கையின் முகத்தைப் பார்க்கவில்லை. நேரே ஜன்னலடிக்குப் போய்த் திரையை இழுத்து மூடினாள்.

“வெயில்” என்றாள்.

அந்த ஜன்னலுக்கு வெயில் வருவது பின்னேரத்தில்தான். நிஸ்மியா ஓம் என்று தலையாட்டினாள்.